புள்ளிக்கோட்டில் ஒரு கதிரை

கந்தோரில் என்னுடைய இடத்துக்கு வந்திருக்கும் தர்ஷிகா போன மாதம் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, உங்கட ஊர் வரலாற்று அறையின்ரை பிளான் என்ரை கையிலை இருக்கு. கடை மேசைக்குப் பின்னாலை ஒரு சதுரம் புள்ளிக்கோட்டிலை கிடக்கு. என்னெண்டு எழுதேல்லை. நேரிலை போய்ப் பாத்தால் அந்த இடம் சும்மா கிடக்கு. எங்களுக்கு ஒரு தொடுதிரை வந்திருக்கு. அதிலை வைக்கலாமோ?"

நான் முப்பத்தாறு வருடம் படவரைஞராக இருந்தவன். எங்கள் தொழிலில் புள்ளிக்கோடு என்றால் இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்று பொருள். மண்ணுக்குக் கீழே போகும் குழாய், இனிமேல் கட்டப்போகும் சுவர், இடித்துவிட்ட சுவர், இப்படி. எது என்று பக்கத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மேலதிகாரி படத்தைத் திருப்பி அனுப்புவார். அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. மேலதிகாரியும் திருப்பி அனுப்பவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்றேன்.

"ஒரு பக்கத்திலை எழுதித் தந்தாலும் காணும் ஐயா. ஃபைலிலை போடலாம்."

ஒரு பக்கம் போதாமல் போய்விட்டது. ஃபைலில் இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம். கோடு நேராக இருக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். பிறகு மன்னார்க் கந்தோரில் கிணறு, மதகு, மலசலகூடம் வரைந்தேன். சண்டைக் காலத்தில் ஒரே மதகை மூன்று தரம் வரைந்திருக்கிறேன். மூன்று தரமும் அது அதே இடத்தில்தான் இருந்தது, நடுநடுவே இல்லாமல் போனதைத் தவிர.

சண்டை முடிந்து சில வருடங்களில், ஊர்தோறும் சின்னதாக ஒரு வரலாற்று அறை அமைப்பது என்று ஒரு திட்டம் வந்தது. எங்கள் ஊரை என்னிடம் தந்தார்கள். தாழ்வுபாட்டுக்கு அந்தப் பக்கம் கடலை ஒட்டிய ஊர். ஒரு தொங்கலில் வேதக்கோயில், மறு தொங்கலில் பள்ளிவாசல், நடுவில் ஒரே றோட்டு. சைக்கிளில் போனால் ஐந்து நிமிடம். தொண்ணூறாம் ஆண்டு பள்ளிவாசல் பக்கத்துச் சனம் முழுவதும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. புத்தளத்தில் இருந்து சில குடும்பங்கள் மட்டும் சண்டைக்குப் பிறகு திரும்பி வந்தன.

அறைக்கு என்று கிடைத்தது மீனவர் சங்கத்தின் பழைய ஐஸ் அறை. தடித்த சுவர், மேற்கே பார்த்த ஒரு வாசல், ஜன்னல் இல்லை. மூன்று தரம் வெள்ளை அடித்தும் மீன் மணம் போகவில்லை. வரலாறு என்றால் கொஞ்சம் மணக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டோம்.

முதல் வேலையிலேயே பிழை விட்டேன். கண்ணாடிப் பெட்டி ஒன்று வேண்டும் என்று சூசையப்பு ஓடாவியிடம் சொன்னேன். ஊரில் தச்சு வேலை எல்லாம் அவர்தான். கோயிலில் சனம் இருக்கும் வாங்கும் அவர்தான், சவப்பெட்டியும் அவர்தான். "என்ன அளவு?" என்று கேட்டார். "எல்லாச் சாமானும் கொள்ளக்கூடியதாய்ச் செய்யுங்கோ" என்றேன். படவரைஞனாக இருந்துகொண்டு அளவு கொடுக்காமல் விட்டேன். அவர் கைக்குப் பழகிய அளவில் செய்து கொண்டுவந்தார்.

அதை அறையின் நடுவே வைத்து, உள்ளே வெள்ளைத் துணி விரித்து, சங்குகளையும், முத்துக் குளிக்கிறவர்கள் காலில் கட்டி இறங்கும் கல்லையும், ஒரு பாய்த் துண்டையும் வரிசையாகக் கிடத்தினோம். சுவரோரமாகக் கதிரைகள் போட்டோம். ஞாயிறு பூசை முடிந்து சனம் வந்தது. செருப்பை வாசலில் கழற்றினார்கள். பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். ஒவ்வொருவராகக் கால்மாட்டில் வந்து நின்று, சிலுவை அடையாளம் போட்டு, பிறகு சுவரோரம் போய் இருந்தார்கள். சத்தமாகக் கதைக்கவில்லை. ஒரு அம்மா செபமாலையை எடுத்துத் துக்க தேவ இரகசியத்தைத் தொடங்கிவிட்டார். பிந்தி வந்த ஒருவர் என் காதுக்குள் கேட்டார்: "எடுக்கிறது எத்தினை மணிக்கு?"

அடுத்த கிழமை கமலாம்பிகை மேடம் வந்தார். திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரி, மெலிந்த மனுசி. மடிக்கிற ஸ்ரூல் ஒன்றும் வெறுந்தேத்தண்ணிப் போத்தல் ஒன்றும் கொண்டுவருவார். பேனை பிடிக்க மாட்டார், பென்சில்தான். யார் செய்ததையும் பிழை என்று சொல்ல மாட்டார். "இதிலை கொஞ்சம் இருந்து பாப்பம்" என்பார். அந்தக் கொஞ்சம் காலையில் தொடங்கிப் பின்னேரம் முடியும்.

அன்றும் மூலையில் ஸ்ரூலைப் போட்டுப் பகல் முழுவதும் இருந்தார். கடைசியில் கேட்டார்: "தம்பி, உள்ளை கிடக்கிறது ஆர்?"

"சங்கும் குளிகல்லும் மேடம்."

"எல்லாத்தையும் படுக்க வைச்சிருக்கிறியள். பாவிச்ச காலத்திலை இதுகள் எங்கை இருந்தது, எந்த உயரத்திலை இருந்தது? அங்கை வையுங்கோ."

எனக்கு முப்பத்தாறு வருடத்தில் கிடைத்த ஒரே பாடம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வலை கூரையில் இருந்து தொங்கியது. குளிகல் தரைக்கு வந்து, அதன் கயிறு மேலே போனது. சிம்னி விளக்கு, கதவைத் திறக்கிறவன் தட்டிவிடாத உயரத்தில் ஏறியது. கண்ணாடிப் பெட்டியை நடுவால் அரிய வேண்டும் என்று சொன்னபோது ஓடாவிக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ரை பெட்டியிலை படுத்த ஒருத்தரும் இண்டைக்கு வரைக்கும் குறை சொன்னதில்லை" என்றார். அரிந்தும் தந்தார்.

மேடத்துக்கு வேறு இரண்டு பழக்கங்களும் இருந்தன. இரண்டும் ஃபைலில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது மணல். காலையில் அறை திறக்கும்போது, கடற்கரைப் பூமணலை அரித்து நிலத்தில் மெல்லிசாகத் தூவ வேண்டும். பின்னேரம் வெயில் வாசலால் படுத்து வரும் நேரத்தில் மணல் எழுத்துப் போலத் தெரியும். யார் எங்கே நின்றார், எதைப் பார்க்காமல் கடந்து போனார், எங்கே திரும்பிப் பார்த்தார் என்று எல்லாம் கால் சொல்லும். நன்றாக இருக்கிறதா என்று சனத்தைக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். கால் பொய் சொல்லாது என்பது மேடத்தின் எண்ணம். முதல் மாதம் மணலைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர் மீன்வகைப் படத்தைக் கழற்றினோம். அதன் முன்னால் ஒரு காலும் நின்றதில்லை. எங்கள் ஊருக்கு மீனைப் படத்தில் காட்டப் போனது எங்கள் மடமை.

இரண்டாவது வாசிப்பு. ஒரு பொருளுக்கு விளக்க அட்டை எழுதினால், மாட்டுவதற்கு முன் அதைத் தந்தவருக்கு முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும். அட்டை மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது. தந்தவர் தலையாட்டினால் மாட்டலாம். இந்த இரண்டாவது பழக்கத்தை நான் ஒரு தரம் வேண்டுமென்றே தவிர்த்தேன்.

சங்கத் தலைவர் மரியநாயகம் அண்ணை ஒரு மத்தியானம் உரப்பையில் ஒரு பித்தளைத் தராசைக் கொண்டுவந்து தந்தார். "எங்கட பாட்டன்ரை" என்றார். ஒரு தட்டின் சங்கிலி அறுந்து, அந்த இடத்தைத் தூண்டில் தங்கூசி நூலால் கட்டியிருந்தது. அந்தத் தராசை எனக்குத் தெரியும். பள்ளிவாசல் பக்கம் ஹனிபா நானாவின் கடையில் அதில்தான் எங்கள் வீட்டுக்குச் சீனி நிறுத்து வாங்கினேன். ஆனாலும் "மரியநாயகத்தின் பாட்டனார் பாவித்த தராசு" என்று எழுதி, வாசிக்காமலே மாட்டினேன். ஐஸ் அறை சங்கத்தினுடையது. தலைவர் மனம் வைத்தால் அறையை நாளைக்கே பூட்டலாம். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் வேறு. அது என் வீட்டில் இருந்தது.

சில கிழமைகளில் மணலில் ஒன்று தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் செருப்பில்லாத சின்னக் கால் இரண்டு வரும். நேரே தராசுக்கு முன்னால் போகும். குதிக்கால் ஆழமாகப் பதியும் அளவுக்கு நிற்கும். வேறு ஒன்றையும் பார்க்காமல் திரும்பும். மேடம் குனிந்து பார்த்தார்.

"இது ஆர் தம்பி?"

"தெரியாது மேடம்" என்றேன். பொய்யும் மூன்று வரிக்குள்தான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மேடம் ஸ்ரூலோடு வந்தார். ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரம், றோட்டு வெறிச்சென்று கிடந்தது. ஸுபைதா லாத்தா வந்தார். ஹனிபா நானாவின் மூத்த மகள், என்னை விட இரண்டு வயது கூட. புத்தளத்தில் வாப்பா மவுத்தாகி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஊருக்குத் திரும்பியவர்.

தராசுக்கு முன்னால் நின்று, திரும்பாமலே கேட்டார். "இதை எழுதினது யாரு?"

"நான்தான் லாத்தா."

"வாசிங்க."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே."

"தெரியும். நீங்க வாசிங்க, கேப்பம்."

ஒரு சொல் வாசித்தேன். பாட்டனார் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மேடம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அந்தத் தங்கூசிய வாப்பா கட்டக்குள்ள நான்தான் சங்கிலியப் புடிச்சிட்டு நிண்டன்" என்றார் லாத்தா. "நீங்களும் இதில சீனி வாங்கினதுதானே அந்தோனித் தம்பி. எனக்குத் திருப்பித் தர வேணாம். வீட்டில வச்சு என்ன செய்ய? வாப்பாட பேரைப் போடுங்க. கடை இருந்த இடத்தில இப்ப போன் டவர் நிக்கிது. அவர் இந்த ஊரில கடை வச்சிருந்தாரெண்டு சொல்ல வேற ஒண்டும் இல்ல."

அவர் போன பிறகு மேடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்த அட்டையைத் தராசு தந்தவருக்கு வாசிச்சுக் காட்டினியளோ?"

அன்று பின்னேரமே மரியநாயகம் அண்ணை வீட்டுக்குப் போனோம். அவர் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். மேடம் ஸ்ரூலை விரித்து இருந்து, தேத்தண்ணி வாங்கிக் குடித்து, பிறகு அட்டையை எடுத்து, அமைதியாக, தெளிவாக வாசித்தார். குற்றம் சாட்டவில்லை. சந்தேகம் கேட்கவில்லை. வழமைப்படி வாசித்தார், அவ்வளவுதான்.

அண்ணை வலையைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா வாசிக்கட்டோ?" என்றார் மேடம்.

"வேண்டாம் மேடம். அந்தப் பாட்டன் கதையை எடுத்துப்போடுங்கோ. கடை திறந்தபடி கிடந்துது. எல்லாரும் எடுத்தவை, நானும் எடுத்தனான். இவ்வளவு காலமும் கட்டிலுக்குக் கீழைதான் கிடந்துது. ஒருநாளும் அதிலை ஒண்டும் நிறுத்ததில்லை. அந்த மனுசி திரும்பி வந்த பிறகு எனக்கு நித்திரை இல்லை. நேரை கொண்டுபோய்க் குடுக்க முகம் இல்லை. அதுதான் உங்கட அறையிலை தந்தனான்."

"அப்ப என்ன எழுதுறது?"

"நடந்ததை எழுதுங்கோ. என்ரை பேர் மட்டும் வேண்டாம், பிள்ளையள் இருக்கினம்." பிறகு என்னைப் பார்த்தார். "அந்தோனி, உனக்கும் தெரியும்தானே. அண்டைக்கு உன்ரை கொப்பரும் என்னோடை வந்தவர்."

மேடம் ஸ்ரூலை மடித்தார். றோட்டில் நடந்து வரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று பல வருடம் அவரில் குறை நினைத்தேன். கேட்காமல் சொல்ல எனக்கு வாய் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

ஹனிபா நானாவின் கடைத் தராசு, ஒரு வீட்டில் பாதுகாப்பாகவும் பாவிக்காமலும் இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது என்று புதிய அட்டை எழுதினோம். வெட்டிய கண்ணாடிப் பெட்டியின் அரைப் பங்கை வைத்து ஓடாவி ஒரு கடை மேசை செய்தார். உயரம் கேட்டபோது ஸுபைதா லாத்தா தன் மார்பளவில் கையை வைத்தார். பிறகு யோசித்துக் கொஞ்சம் இறக்கினார். தராசு மேசைக்கு மேலே அதன் பழைய உயரத்தில் தொங்கியது. இந்த முறை என் பிளானில் எல்லா அளவும் இருந்தன.

"மேசைக்குப் பின்னாலை என்ன இருந்தது?" என்று மேடம் கேட்டார்.

"வாப்பாட கதிரை. முதிரை மரத்தில செய்தது. வலக்கைப் பக்கம் படிக்கல்லை வச்சு வச்சு ஒரு குழி விழுந்து கிடக்கும்."

அந்தக் குழியில் என் அழிறப்பர் அளவாகக் கிடக்கும். தொண்ணூறாம் ஆண்டு ஒரு பின்னேரம் என் தகப்பன் அந்தக் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். இதென்ன என்று அம்மா கேட்டதற்கு, வெளியில் கிடந்தால் மழையில் நனையும் என்றார். பிறகு எத்தனையோ மழை வந்து போனது. சண்டையில் எங்கள் வீட்டுக் கூரை இரண்டு தரம் போனது, கதிரை போகவில்லை. நல்ல கதிரை. முதுகு நோகாது. கந்தோரில் முடியாத வேலையை வீட்டில் அதில் இருந்துதான் வரைந்தேன். அந்த அறையின் பிளானையும் அதில் இருந்துதான் வரைந்தேன்.

லாத்தா சொல்லி முடித்ததும் மேடம் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ தெரியாது. பிளானை இழுத்து, மேசைக்குப் பின்னால் பென்சிலால் புள்ளி புள்ளியாக ஒரு சதுரம் போட்டார்.

"பக்கத்திலை என்ன எழுதுறது மேடம்?"

"இப்ப ஒண்டும் எழுதாதேங்கோ."

பென்சிலில் போட்டதை எல்லாம் அழித்து அழித்துத் திருத்துகிற மனுசி, அந்தச் சதுரத்தை மட்டும் அழிக்கவில்லை. ஓய்வு பெற்றுப் போகும் அன்று என்னிடம் சொன்னதும் அதைப் பற்றித்தான். "அந்த இடத்திலை வேறை சாமான் வைக்க விடாதேங்கோ தம்பி."

விடவில்லை. தண்ணீர்ப் பானை வைக்கக் கேட்டார்கள், தீயணைப்புக் கருவி வைக்கக் கேட்டார்கள், கோயில் பழைய மணியை வைக்கக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் சொல்லி மறுத்தேன். என் வேலைக்காலத்தில் வேறு எதையும் நான் இவ்வளவு கவனமாகக் காத்ததில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், அதை வைக்க வேண்டிய இடத்தை மட்டும் காத்துக்கொண்டிருந்தேன். மரியநாயகம் அண்ணையாவது உரப்பையில் கொண்டுவந்தார். நான் அவரை விடப் படித்தவன். அதனால் காரணங்கள் எனக்குக் கூடக் கிடைத்தன.

பிறகு நானும் ஓய்வு பெற்றேன். மறுக்கும் அதிகாரமும் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் தர்ஷிகா அழைத்தார். அவரில் ஒரு பிழையும் இல்லை. மணலைப் பார்த்தால் அந்தச் சதுரத்தில் கால் படவில்லை. சும்மா கிடக்கும் இடம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொடுதிரை வந்து அதில் ஏறிவிட்டால், எனக்கு மிச்சமாக இருந்த ஒரே சாட்டும் நிரந்தரமாகிவிடும். இடமில்லை என்று சொல்லிக்கொண்டு நான் அந்தக் கதிரையிலேயே செத்துப்போகலாம்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கதிரையைத் துடைத்து, சைக்கிள் கரியரில் கட்டி, தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். ஓட்டோவில் ஏற்றலாம்தான். ஆனால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலையாக அது இருக்கக்கூடாது என்று நினைத்தேன். கோயில் பக்கத்தில் இருந்து வீடு வீடாகக் கடந்து போனேன்.

"என்ன அந்தோனி அண்ணை, கதிரை திருத்தவோ?" என்று ஒரு வேலிக்குள் இருந்து குரல் வந்தது.

"இல்லை. குடுக்க."

மரியநாயகம் அண்ணை இப்போது கண் மங்கியவர். முற்றத்தில் இருந்தவர் எழும்பி வந்து, கதிரைக் காலைத் தடவிப் பார்த்தார். ஒரு கையால் கதிரையைப் பிடித்தபடி ஐஸ் அறை வாசல் வரைக்கும் என்னோடு நடந்தார். வாசலில் கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஸுபைதா லாத்தா உள்ளே நின்றார். நான் கதிரையைத் தூக்கி மேசைக்குப் பின்னால் வைத்தேன். சதுரத்துக்குள் அளவாக உட்கார்ந்தது. லாத்தா சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, வலக்கைப் பக்கத்துக் குழியில் விரலை வைத்தார்.

"எங்க இருந்திச்சு?"

"எங்கட வீட்டிலை லாத்தா."

"எவ்வளவு காலமா?"

"நீங்கள் போன அண்டைக்குத் தொடக்கம்."

"நல்லா வச்சிருக்கிறீங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க இதில இருந்தீங்களா?"

"ஓம்."

"நான் ஒருநாளும் இருந்ததில்ல. வாப்பாட கதிரையில நாங்க இருக்கிறல்ல. அவர் கடையில இல்லாத நேரமும் இருக்கிறல்ல."

இருந்து பாருங்கோ என்று சொல்ல வாய் எடுத்தேன். அதைச் சொல்ல நான் யார் என்று நிறுத்திக்கொண்டேன். ஓய்வு பெற்ற ஒருவன் அட்டை எழுதக்கூடாது என்று விதி இருக்கிறதா தெரியாது. எழுதி சேர்ட் பொக்கற்றில் கொண்டுபோயிருந்தேன். மேடத்தின் பழக்கப்படி மூன்று வரி. அட்டைக்கு வெளியே, இதை வாசிக்கும் தர்ஷிகாவுக்கும் ஒரு வார்த்தை: தொடுதிரைக்கு வாசலின் வலப்பக்கம் நல்ல இடம், அங்கே மின் இணைப்பும் இருக்கிறது. பிளானில் அந்தப் புள்ளிக்கோட்டை இனிப் பேனையால் முழுக்கோடாக்கலாம்.

அட்டையை எடுத்ததைக் கண்டு லாத்தா சொன்னார்: "வாசிங்க."

சத்தமாக வாசித்தேன்.

"இது ஹனிபா நானாவின் கடைக் கதிரை. தொண்ணூறாம் ஆண்டு தொடக்கம் படவரைஞர் செபமாலை அந்தோனியின் வீட்டில் இருந்தது. யாருடையது என்று அவருக்குத் தெரியும்."

லாத்தா தலையாட்டவில்லை.

"இன்னொருக்கா வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.